‘மாத்திப் பாத்துருவோம்ணே’ – வன்மையாகக் கண்டிக்கிறேன்

டிஸ்கி: நான் மெக்கானிக் கிடையாது. மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறவன். ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்கறது எங்க கிளாஸ் பசங்களுக்கு நல்லாவே தெரியும் :-) போன கட்டுரை மார்கழியில இட்லி மாவு ஏன் புளிக்க மாட்டேங்குதுன்னு. அதுக்கு முந்தினது ஹாஸ்டல் மெஸ் பில். இந்தத் தடவை பழைய ஜீப்போட பவர் ஸ்டீயரிங். நமக்கு எல்லா சப்ஜெக்டும் ஒண்ணுதான்.

சரி, மேட்டருக்கு வருவோம். நம்ம ஊரு ஒர்க் ஷாப்புல அதிகமாப் புழங்குற ஆயுதம் எதுன்னு நினைக்கிறீங்க? ஸ்பேனரா? சுத்தியலா? இல்லீங்க. "மாத்திப் பாத்துருவோம்ணே"ங்கற ரெண்டே வார்த்தைதான். ஸ்டீயரிங் அப்பப்ப இறுகுதுண்ணேன்னு போய் நின்னா, பானெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே தீர்ப்பு வந்துடும்: "பம்ப் போயிருக்கும். மாத்திப் பாத்துருவோம்ணே." பம்பை மாத்தியும் சரியாகலையா? "அப்ப பாக்ஸா இருக்கும். மாத்திப் பாத்துருவோம்ணே." காசு உங்களுது, பாக்கறது அவரு. இதுக்குப் பேரு ரிப்பேர் இல்லை, சீட்டாட்டம். நோய் என்னன்னு கண்டுபிடிக்கறதும் மருந்தை மாத்தி மாத்திக் குடுக்கறதும் ஒண்ணுன்னு எவனோ இவங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கான்.

கோவத்துல பேசறேன்னு நினைக்காதீங்க, கணக்கோடதான் பேசறேன். ஒரு பல்பு எரியவே இல்லை. மாத்தறீங்க, எரியுது. அப்ப பல்புதான் கோளாறு. கேஸ் முடிஞ்சது. இன்னொரு பல்பு வாரத்துக்கு ரெண்டு தடவை, அதுவும் மழை பெய்யற ராத்திரி மட்டும், அணைஞ்சு அணைஞ்சு எரியுது. இதையும் மாத்திட்டு "இப்ப எரியுது பாருங்க"ன்னு ஒருத்தர் சொன்னா என்ன அர்த்தம்? அது நேத்து மத்தியானமும்தானே எரிஞ்சுது! எப்பவுமே இருக்கிற கோளாறுன்னா, மாத்திப் பாத்தாலாவது விடை கிடைக்கும். விட்டு விட்டு வர்ற கோளாறுல அதுவும் கிடையாது. மாத்தறதுக்கு முன்னாடியும் வண்டி பெரும்பாலான நேரம் நல்லாத்தான் ஓடுச்சு, மாத்தின பிறகும் நல்லாத்தான் ஓடும். கோளாறு எந்த நிலைமையில வருதுன்னு தெரியாம, அது போயிடுச்சான்னு எப்படி ஐயா சொல்லுவீங்க?

இத்தனைக்கும் இது ராக்கெட் சமாச்சாரம் இல்லை. இன்ஜின் ஓடும்போது ஒரு பெல்ட் பம்பைச் சுத்துது. பம்ப் ஒரு சின்ன டப்பாவுல இருந்து ஆயிலை உறிஞ்சி, அழுத்தம் ஏத்தி, தடிச்ச ஹோஸ் வழியா ஸ்டீயரிங் பாக்ஸுக்கு அனுப்புது. பாக்ஸுக்குள்ள இருக்கிற வால்வு, நீங்க எந்தப் பக்கம் திருப்பறீங்களோ அந்தப் பக்கம் ஆயிலைத் திறந்து விடுது. ஆயில் பிஸ்டனைத் தள்ளுது, வீல் திரும்புது. வேலை முடிஞ்ச ஆயில் இன்னொரு ஹோஸ்ல டப்பாவுக்கே திரும்பி வருது. அவ்வளவுதான். 1926-ல் ஃபிரான்சிஸ் டேவிஸ்ங்கற அமெரிக்க இன்ஜினியர் பியர்ஸ் ஆரோ காருல ஓட்டிக் காட்டினதும் சரி, 1951-ல் கிறைஸ்லர் இம்பீரியல்ல வெச்சு விற்பனைக்கு வந்ததும் சரி, ஆயில் அழுத்தத்தை வெச்சு வீலைத் திருப்பற இதே யோசனைதான். எலக்ட்ரிக் ஸ்டீயரிங் இருக்கிற புது வண்டியில ஒரு மெஷினைச் சொருகினா ஏதாவது ஒரு கோடு நம்பராவது காட்டும். பழைய ஜீப்புல அது கிடையாது. அதுக்குத் தெரிஞ்ச பாஷை ஒண்ணே ஒண்ணுதான்: ‘எப்போ’.

அந்த ‘எப்போ’வைக் கேட்டாலே பாதி விடை வந்துடும். சும்மா சொல்லலை, பாருங்க.

மழையில நனைஞ்சா, இல்ல தண்ணிக்குள்ள இறங்கி ஏறினா மட்டும் இறுகுதா? கூடவே 'கீச்'சுன்னு ஒரு சத்தமா? முதல் சந்தேகம் பெல்ட் மேலதான் வரணும். தளர்ந்த பெல்ட், இல்ல பளபளன்னு வழவழப்பாத் தேய்ஞ்ச பெல்ட், ஸ்டீயரிங்கை முழுசா ஒடிக்கும்போது வழுக்கும். ஏன்னா பம்புக்குச் சுமை அதிகமா விழறது அப்பதான். சில வண்டியில டைனமோவுக்கும் அதே பெல்ட். அப்படின்னா ராத்திரி ஸ்டீயரிங் இறுகற நேரத்துல ஹெட்லைட்டும் லேசா மங்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு பைசா செலவு கிடையாது, கண்ணு இருந்தாப் போதும்.

மேடு ஏறும்போதோ, வண்டி ஒரு பக்கமாச் சாயும்போதோ மட்டும் இறுகுதா? டப்பாவுல ஆயில் குறைவா இருக்கும். சமதரையில நிறுத்தி மூடியைத் திறந்தா "கொஞ்சம்தான் குறையுது, பரவாயில்ல"ன்னு தோணும். சரிவுல ஆயில் ஒரு ஓரமா ஒதுங்கிடும், பம்ப் ஆயிலுக்குப் பதிலாக் காத்தை உறிஞ்சும். காத்தை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது. அமுங்கற காத்து பிஸ்டனைத் தள்ளுமா? தள்ளாது. பம்ப் மாடு மாதிரி முனகும், ஆயில் நுரைச்சு வெளிறிப் போயிருக்கும். டவுனுக்குள்ளயே ஓடற காருக்கு இந்தப் பிரச்சினை அவ்வளவா வராது. காட்டுப் பாதையில ஏறி இறங்கற வண்டிக்குத்தான் வரும். அந்த வண்டியைச் சமதரை ஷெட்டுல நிறுத்தி டெஸ்ட் பண்ணா எங்கேர்ந்து தெரியும்?

நல்லா சூடானப்புறம், ஐடில்ல நிக்கும்போது இறுகி, ஆக்ஸிலேட்டரை மிதிச்சா இளகுதா? ஆமா, இது நெஜமாவே பம்ப் தேய்மானமா இருக்கலாம். சூட்டுல ஆயில் இளகி, தேய்ஞ்ச இடுக்கு வழியாக் கசிஞ்சு போகுது. (பம்பே கெடாதுன்னு நான் எங்கயும் சொல்லலை. கேட்டுட்டு மாத்துங்கன்னுதான் சொல்றேன்.) காலைல முதல் பத்து நிமிஷம் மட்டும் கனமா இருந்து, சூடானதும் சரியாகுதா? பாக்ஸுக்குள்ள இருக்கிற வால்வு ரிங்கைப் பாக்கணும். எப்பவாவது ஒரு தடவை, முன்னறிவிப்பே இல்லாம, சுவிட்ச் போட்ட மாதிரி போயிட்டு அதே மாதிரி திரும்பி வருதா? பம்புல ஒரு ஃப்ளோ கண்ட்ரோல் வால்வு இருக்கு. விரல் நீளம் கூட இருக்காது. அதுல தூசோ இரும்புத் துகளோ சிக்கினா இப்படித்தான் ஆகும். நிறையப் பம்புல அதைத் தனியாவே கழட்டி எடுத்துக் கழுவலாம். அந்த வால்வு சிக்குனதுக்காக முழுப் பம்பையும் தூக்கிப் போடறது, மூக்கு அடைச்சதுக்குத் தலையை மாத்தற மாதிரி.

இதுல உச்சக்கட்டக் காமெடி என்னன்னா, சில நேரம் ஆயிலுக்கும் இந்தக் கோளாறுக்கும் சம்பந்தமே இருக்காது. ஸ்டீயரிங் ராடுல ஒரு கிராஸ் இருக்கு. அது துருப்பிடிச்சு இறுகினா, ஸ்டீயரிங்கை ஒரு சுத்து சுத்தும்போது குறிப்பிட்ட இடத்துல மட்டும் பிடிச்சுப் பிடிச்சு விடும். எத்தனை தடவை சுத்தினாலும் அதே இடத்துல. முன்பக்க வீல் ரெண்டையும் ஜாக்கி வெச்சுத் தூக்கி, இன்ஜினை ஆஃப் பண்ணி, கையால மெதுவாத் திருப்பினாலே தெரிஞ்சுடும். அப்புறம் நம்ம ஃபோர் வீல் டிரைவ். வளைவுல முன் வீலு பின் வீலை விட அதிக தூரம் ஓடணும். சேத்துல வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கும், தார் ரோட்டுல வழுக்க முடியாது. காட்டுப் பாதையில ஃபோர் வீல் போட்டவர் மறந்து போய் அப்படியே தார் ரோட்டுல ஏறினா வளைவுல ஸ்டீயரிங் முரண்டு பிடிக்கும். சில நேரம் லிவரை எடுத்திருந்தாலும் உள்ளே கழண்டிருக்காது, கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தாத்தான் விடும். இதுக்கும் "பம்ப் போச்சுண்ணே"தான் பதில்னா, நான் என்னத்தைச் சொல்ல!

இதுல இவ்வளவு ஆவேசம் எதுக்குன்னு கேக்கலாம். எங்க மாமாவோட ஜீப்புதான் காரணம். போடியில இருந்து போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற வண்டி. விடிகாலைல கிளம்பும். பின்னால பத்துப் பன்னெண்டு பேர், பெரும்பாலும் பொம்பளைங்க, மடியில தூக்குவாளி. மேல போகப் போக, ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவுல ஸ்டீயரிங் திடீர்னு கல்லாயிடும். மாமா ரெண்டு கையாலயும் தொங்கி இழுத்துத் திருப்புவார். ரெண்டு வளைவு தாண்டினா ஒண்ணுமே நடக்காத மாதிரி இளகிடும். முதல் ஒர்க் ஷாப்புல பம்பை மாத்தினாங்க, 7,500 ரூபா. பதினோரு நாள் ஒரு தொந்தரவும் இல்லை. பன்னெண்டாவது நாள் பழைய குருடி கதவைத் திறடி. ரெண்டாவது ஒர்க் ஷாப்புல பாக்ஸை இறக்கி ரீகண்டிஷன் பண்ணாங்க, 13,000 ரூபா, கூட நாலு நாள் ஓட்டமும் போச்சு. அடுத்த வாரமே அதே கூத்து. ரெண்டு இடத்துலயும் யாராவது "எப்போ வருது?"ன்னு கேட்டாங்களான்னு மாமாகிட்ட விசாரிச்சேன். "எப்பத் தருவேன்னுதான்டா கேட்டாய்ங்க"ன்னார். பணத்தைச் சொல்றார்.

மூணாவதா தேனிப் பக்கம் ஒரு பெரியவர். லாரி மெக்கானிக். வண்டியைப் பாக்கறதுக்கே 500 ரூபா வாங்குவார்னு அவருக்கு ஊருக்குள்ள கெட்ட பேரு. அவர் பானெட்டைத் தொடவே இல்லை. "ஏறையிலயா, இறங்கையிலயா? கிளம்பி எம்புட்டு நேரத்துல? நிறுத்தி வெச்சா சரியாகுதா?"ன்னு மூணே கேள்வி. ஏறும்போது மட்டும்தான், பாதி மலை தாண்டினப்புறம்தான், டீக்கடையில கால் மணி நேரம் நிறுத்தினா சரியாயிடும்னு மாமா சொன்னார். "அப்ப மலைக்கே போவோம்"னு அவரும் ஏறி உக்காந்துட்டார். பாதி மலையில ஸ்டீயரிங் இறுகினதும் ஓரமா நிறுத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணாம பானெட்டைத் திறந்து, மாமாவை ரேஸ் பண்ணிக்கிட்டே ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொன்னார். டப்பாவுல இருந்து பம்புக்கு ஆயில் போற ரப்பர் ஹோஸ், வளையற இடத்துல அப்படியே பட்டையா ஒட்டிப் போச்சு. பழசாகி ஊறிப் போன ரப்பர். சூட்டுல இன்னும் தொளதொளத்துப் போய், பம்ப் உறிஞ்சற உறிஞ்சுக்கு உள்வாங்கிக்குது. கெட்டிக் கரும்புச்சாறை மெல்லிசு ஸ்ட்ராவுல இழுத்தா ஸ்ட்ரா ஒட்டிக்குமே, அதேதான். ஆயில் வரலைன்னா புதுப் பம்ப் மட்டும் என்ன பண்ணும்? ஆறினதும் ரப்பர் பழையபடி விறைச்சுக்கும், அதனால கீழே ஷெட்டுக்கு வந்தா ஒண்ணும் தெரியாது. ஹோஸ் விலை 380 ரூபா. முதல் ஆளும் ரெண்டாவது ஆளும் அதே ஹோஸைக் கழட்டி, அதே ஹோஸைத்தான் திரும்ப மாட்டியிருக்காங்க!

அந்தப் பதினோரு நாள் எப்படி நல்லா ஓடுச்சுன்னு நீங்க கேக்கணும். விசாரிச்சேன். அந்தப் பதினோரு நாளும் மலையில சாரல், தோட்டத்துல பாதி ஆளுக்குத்தான் வேலை. வண்டியில சுமை இல்லை, இன்ஜின் அந்த அளவுக்குச் சூடாகலை. பெருமை பம்புக்குப் போச்சு. ‘மாத்திப் பாத்துருவோம்’ கோஷ்டி இத்தனை வருஷம் வண்டி ஓட்டறதே இந்த மாதிரிப் பெருமையிலதான். இன்னொரு சூட்சுமமும் இருக்கு. பம்பை மாத்தும்போது வேற என்னென்ன மாறுது? ஆயில் புதுசு. காத்தை வெளியேத்தறாங்க. பெல்ட்டைத் திரும்ப இழுத்துக் கட்டறாங்க. ஃப்ளோ கண்ட்ரோல் வால்வும் பம்போட சேர்ந்து புதுசு. கோளாறு வெறும் பெல்ட் தளர்ச்சியா இருந்தாலும் பம்பை மாத்தினதுல சரியாயிடும். 7,500 ரூபாய்க்குப் பெல்ட்டு டைட் பண்ணிட்டு, "பாத்தியா, நான் சொல்லலை?"

"தம்பி, முப்பது வருஷ அனுபவம்"னு ஒரு வாதம் வரும். அனுபவத்துக்கு நான் எதிரி இல்லை, அந்தப் பெரியவரும் அனுபவஸ்தர்தான். ஆனா மாத்தி அனுப்பின வண்டி மூணு வாரம் கழிச்சு எப்படி இருக்குன்னு ஒரு தடவையாவது விசாரிச்சிருந்தாத்தான் அதுக்குப் பேரு அனுபவம். சரியாகாதவன் வேற ஒர்க் ஷாப்புக்குப் போயிடறான், தானா சரியானவன் திரும்பி வந்து கும்பிடு போடறான். கும்பிடு போட்டவனை மட்டும் எண்ணிக்கிட்டு முப்பது வருஷம்னா, அது முப்பது வருஷம் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பப் பண்ணின கணக்கா இருக்கவும் வாய்ப்பிருக்கு.

"ஸ்டீயரிங் கனமாத்தானே ஆகுது, கழண்டா விழுது?"ங்கறது அடுத்த வாதம். உண்மைதான், பவர் போனாலும் ராடும் பல்லும் வீலோட சேர்ந்தேதான் இருக்கு, பலத்தைப் போட்டா திரும்பும். எப்பவுமே கனமா இருக்கிற பழைய லாரியை ஓட்டறவர் வளைவுக்கு முன்னாடியே அதுக்குத் தயாரா இருப்பார். இங்க ஒரு விரல்ல திரும்பிக்கிட்டிருந்த ஸ்டீயரிங் வளைவு நடுவுல நின்னா? தயாராக ஒரு செகண்ட் ஆகும். கொண்டை ஊசி வளைவுல அந்த ஒரு செகண்டுக்கு இடம் எங்க இருக்கு?

மூணாவது வாதம்தான் கொஞ்சம் வலிக்கும், ஏன்னா அதுல நியாயம் இருக்கு. "கண்டுபிடிக்க ரெண்டு மணி நேரம் ஆகும் தம்பி, அந்த ரெண்டு மணி நேரத்துக்கு எவன் காசு குடுக்கறான்?" ஒருத்தனும் குடுக்கறதில்லை. 7,500 ரூபா பம்புக்கு மறுபேச்சு இல்லாம நோட்டை எண்ணி வைக்கற அதே ஆளு, "சும்மா பாத்ததுக்கு 500 ரூபாயா?"ன்னு சண்டைக்கு நிக்கறார். கையில ஒரு இரும்பைக் குடுத்தாத்தான் நமக்குத் திருப்தி. பெரியவருக்குக் கெட்ட பேரு குடுத்தது மெக்கானிக்குங்க இல்லை, நம்மள மாதிரி கஸ்டமருங்க. பாக்கறதுக்குக் காசு கிடையாதுன்னா, பாக்காமலே மாத்தறவன்தான் பொழைப்பான், பாத்து மாத்தறவன் கடையைச் சாத்துவான். இதுல மெக்கானிக்கை மட்டும் திட்டிட்டு நான் போயிட்டா யோக்கியமா இருக்காது. அதுக்காக அவங்களை விட்டுடவும் முடியாது. "எப்போ வருது?"ன்னு கேக்க ரெண்டு மணி நேரம் ஆகாது, ரெண்டு நிமிஷம் ஆகும்.

எங்க காலேஜையும் சும்மா விடறதுக்கில்லை. அழுத்தம், பாய்வு, பெர்னோலி எல்லாத்துக்கும் ஃபார்முலா மனப்பாடம். நிஜ வண்டியோட பம்புல ஒரு பிரஷர் கேஜை மாட்டி ஆறு செமஸ்டர்ல ஒருத்தரும் காட்டினது கிடையாது. டே கிளாஸ்மேட்ஸ், உண்மையா இல்லையா? வைவாவுல "பம்ப் வேலை செய்யலைன்னா என்ன செய்வீங்க?"ன்னு கேட்டதுக்கு நம்ம பய ஒருத்தன் "மாத்துவேன் சார்"னு சொல்லி ஃபுல் மார்க் வாங்கினான். நோய் எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க!

போற போக்குல ஒண்ணு சொல்லிடறேன். டப்பாவுல ஆயில் குறைஞ்சா கையில கிடைச்சதை ஊத்தற பழக்கம் இருக்கே, அதுல ரொம்ப மோசமானது பிரேக் ஆயில். பவர் ஸ்டீயரிங் சீல் ரப்பருக்கு அது விஷம், ஊறி உப்பி எல்லா இடத்துலயும் கசிய விட்டுடும். எந்த ஆயில்னு வண்டி புத்தகத்துலயோ, டப்பா மூடி மேலயோ போட்டிருக்கும். பழைய ஜீப்பு நிறையவற்றுக்கு சிவப்புக் கலர்ல வர்ற ஏ.டி.எஃப். தான். மூடியைத் திறந்தா ஆயில் கறுத்துப் போய், தொட்டா விரல்ல நறநறன்னு இருந்தா, எதை மாத்தறதுக்கு முன்னாடியும் டப்பா, ஃபில்டர் எல்லாத்தையும் கழுவணும். பழைய அழுக்கோட புதுப் பம்பை மாட்டினா அடுத்த தீபாவளிக்கு அதுவும் காலி.

சரி, பெல்ட் சரி, ஆயில் சரி, ஹோஸ் சரி, கிராஸ் சரி, ஆனாலும் இறுகுது. பம்பா பாக்ஸான்னு அப்பவாவது குருட்டாம்போக்குல சொல்லாம, ஒரு பிரஷர் கேஜும் ஒரு ஷட் ஆஃப் வால்வும் எடுத்து பம்புக்கும் பாக்ஸுக்கும் நடுவுல மாட்டச் சொல்லுங்க. அதுவும் கோளாறு வர்ற சூட்டுல. இன்ஜின் ஓடும்போது வால்வை மூடினா பம்ப் தன்னோட முழு அழுத்தத்தைக் காட்டணும். எவ்வளவுன்னு அந்த வண்டியோட மேனுவல்ல இருக்கும். காட்டலைன்னா பம்புதான், தாராளமா மாத்துங்க, நான் குறுக்க வரலை. மூடினா அழுத்தம் ஏறுது, திறந்து விட்டு ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சா ஏறலைன்னா, பாக்ஸுக்குள்ள கசியுது. கேஜ் இல்லைன்னு சொல்ற ஒர்க் ஷாப்புல பம்ப் பேச்சை எடுக்கவே விடாதீங்க. ஒரு எச்சரிக்கை, வால்வை அஞ்சு செகண்டுக்கு மேல மூடி வைக்கக் கூடாது. வெச்சா பம்ப் நெஜமாவே போயிடும், அப்புறம் ‘மாத்திப் பாத்துருவோம்ணே’ன்னவர் சொன்னது சரியாப் போயிடும் :-)